‘ஏதோ கொஞ்சம்’ என்று இனிச் சொல்லாதே

நவம்பர் 28

அன்பு மகள் தீபலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், நம் மாவு மில்லும் சுகம், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் வழக்கம்போல் புகார் சொல்கிறது, அதை நான் காதில் வாங்குவதில்லை. நீ சுகமா என்று கேட்க மாட்டேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் ‘நல்லா இருக்கேம்மா’ என்று சொல்லி முடிப்பதற்குள் மூக்கை உறிஞ்சினாய். உன் உடம்பைப் பத்திரகாளியம்மன் பார்த்துக்கொள்வாள், மனசுக்கு வந்திருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அப்புறம் இரண்டு பேரில் ஒருத்தர் வைத்துவிடுகிறோம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கடைசி வரை படி.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வைத்தால் கோபத்தில் விட்டுப்போகும். ஐப்பசியில் நாலு நாள் நின்று பெய்தது. காட்டுக்குள் இறங்கினால் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வெறுங்காலோடு அனுப்புகிறது. உளுந்தும் பாசியும் நன்றாக நிற்கிறது. மக்காச்சோளத்தில்தான் பன்றி இறங்கிவிட்டது, அழகுத்தாய் அவள் புஞ்சையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி வேலி போட்டிருக்கிறாள், அவளுடைய கல்யாணச் சேலையும் அதில் நிற்கிறது, ‘கட்டிக்கிட்டவன்தான் பயப்படல, பன்னியாவது பயப்படட்டும்’ என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். நம் கருப்பு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. மில் கூரையில் ஒரு தகரம் காற்றுக்குத் தூக்கிக்கொண்டது, நானே ஏறி அடித்துவிட்டேன், இந்த வயசில் ஏணியா என்று கேட்காதே, என் வயசு ஏணிக்குத் தெரியாது.

இனி உன் விஷயம். நீ அழுகைக்கு நடுவில் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. உங்கள் புனே பிஸ்கட் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலைக்கு வெளியிலிருந்து எடுக்காமல் உள்ளே இருக்கிறவர்களிலேயே ஒருத்தரை எடுக்க இன்டர்வியூ வைத்தார்கள். இரண்டு வருஷமாகப் பேக்கிங் லைனில் நிற்கிற நீயும் போனாய். மூன்று ஆபீசர்கள் உட்கார்ந்து, மோட்டார் பழுது பார்க்கத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார்கள். நீ ‘தோடா தோடா’, கொஞ்சம் கொஞ்சம், என்றாய். மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டி, பி.எல்.சி., அது தெரியுமா என்றார்கள், அதற்கும் தோடா. எட்டு மாசமாக ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் படித்தாயே அந்த பி.எல்.சி., அதுதான் தோடா. உனக்கு அடுத்துப் போன நாக்பூர்க்காரன் எல்லாம் தெரியும் என்றானாம், வேலை அவனுக்கு. இப்போது லைன் நின்றால் அவன் உன்னிடம் வந்து ‘தீதி, ஒரு நிமிஷம்’ என்று அக்கா போட்டுக் கூப்பிடுகிறான், நீயும் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்து ரூமில் அழுகிறாய். இதெல்லாம் நடந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எனக்குச் சொல்கிறாய், அதுவும் உன் சித்தி பேச்சித்தாயிடம் சொன்ன பிறகு. அதற்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது, நேரில் வா, வைத்துக்கொள்கிறேன். அடுத்து, இன்னொரு இடம் விழுந்திருக்கிறது, டிசம்பர் பன்னிரண்டாம் தேதிக்குள் பேர் கொடுக்க வேண்டும், பதினாறாம் தேதி இன்டர்வியூ. நீ பேர் கொடுக்க மாட்டாயாம். பொங்கலுக்கு வந்து அப்படியே இருந்துவிடுவாயாம். ‘மில்லைப் பாத்துக்கிடுதேம்மா’ என்றாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கத்தினேன். கத்தினதற்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நீ அழுத செய்தி உன் சித்தி வாய் வழியாக ஊருக்குள் வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு வேலையை உனக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் சித்தப்பா மாரிராஜ் வந்து, ‘குரூப் ஃபோர் எழுதச் சொல்லுங்க மைனி, பொம்பளப் பிள்ளைக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் மாதிரி வருமா, ஃபேனுக்குக் கீழ உக்காந்து கையெழுத்துப் போடலாம், கையில கிரீஸ் வச்சிருக்கிறவள எவன் கட்டுவான்’ என்றார். ‘கிரீஸ் ஒட்டும்னு பயப்படுதவன் எங்களுக்கும் வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பினேன். பேச்சித்தாய் கோவில்பட்டியில் யாரோ கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார்கள், மூன்று மாசத்தில் சர்டிபிகேட் என்கிறாள். எதற்கான சர்டிபிகேட் என்று கேட்டேன், அது அங்கே போனால் சொல்லுவார்கள் என்கிறாள். குரூப் ஃபோர் எழுதுகிற பிள்ளைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதற்கென்று மனசு வைத்து வருஷக்கணக்கில் படிக்கிறார்கள், அது அவர்கள் வேலை. உன் வேலை எது என்று நான் ஜோசியரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. எது பழுதாகி நிற்பதைக் கண்டால் உன் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதோ அதுதான் உன் வேலை. போன பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து இறங்கினாயே, பையைக் கூடக் கீழே வைக்காமல், செம்புத் தண்ணீரை நான் நீட்டிக்கொண்டு நிற்க, ‘என்னம்மா பேரிங் சத்தம் போடுது’ என்று கேட்டுக்கொண்டே மில்லுக்குள் போனாய். ஸ்குரூ டிரைவர் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பின்பக்கத்துப் பேரிங், இன்னும் பத்து நாள் தாங்கும் என்றாய். ஒன்பதாம் நாள் போனது. அந்தக் காதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டரில் என்ன கேட்கப் போகிறாய்?

நான் படித்தது ஐந்து வகுப்பு, உனக்குத் தெரியும். உன் அப்பா போனபோது நீ மூன்றாவது படித்தாய். மில்லை விற்றுவிடு என்று உன் சித்தப்பாவும் மற்றவர்களும் பதினாறாம் நாளே பேச ஆரம்பித்தார்கள், பொம்பளை மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடித்துச் சாவாள் என்று என் முன்னாலேயே சொன்னார்கள். பழுது பார்க்க வருகிற எலக்ட்ரீசியன் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்ததை இரண்டாம் தடவை நானே செய்தேன், மூன்றாம் தடவைக்கு அவனைக் கூப்பிடவில்லை. இங்கிலீஷ் எழுத்து மோட்டார்த் தகட்டில் இருந்துதான் படித்தேன், எச்.பி., ஆர்.பி.எம்., ஆம்ப்ஸ், அவ்வளவுதான் எனக்கு இங்கிலீஷ், அதை வைத்தே பதினாறு வருஷம் மில் ஓடியிருக்கிறது. ‘பொம்பள மில்லு’ என்று பேர் வைத்துச் சிரித்தவர்கள் எல்லாரும் மிளகாய் வத்தலை இங்கேதான் கொண்டு வந்து அரைக்கிறார்கள், மாவு நைசாக இருந்தால் கேலி தானாக நின்றுபோகும். இதையெல்லாம் உனக்குப் பாடமாகச் சொல்ல வரவில்லை. இவ்வளவும் செய்த நானே போன மாசம் என்ன முட்டாள்தனம் செய்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாசம் ஒரு புதன்கிழமை, மில்லில் நல்ல கூட்டம், மல்லியும் வத்தலும் வரிசையில் இருந்தது. எட்டயபுரம் ரோட்டில் விவசாயிகள் எல்லாம் சேர்ந்து சிறுதானியக் கம்பெனி ஒன்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள், கம்பும் குதிரைவாலியும் சுத்தம் பண்ணி, மாவாக்கி, பாக்கெட் போட்டு அனுப்புவதற்கு. அதன் மேனேஜர் வேணுகோபால் என்று ஒரு தம்பி பைக்கில் வந்து இறங்கினார், உன்னைவிட நாலைந்து வயசு மூத்திருப்பார். அங்கே மெஷின் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும், பக்கத்து ஊர் ஆளாக இருந்தால் நல்லது, இந்த மில்லைப் பற்றி நாலு பேர் சொன்னார்கள் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, ‘அம்மா, அரைக்கிற மெஷின், கல் நீக்குற மெஷின், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா’ என்று கேட்டார். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? ‘ஏதோ கொஞ்சம் தெரியும் சார்.’ அன்றைக்குப் பார்த்து உன் சித்தப்பா சோளம் அரைக்க வந்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘எல்லாம் நம்ம மேற்பார்வைதான் சார், மைனி சும்மா கூடமாட இருக்காங்க’ என்றார். அந்தத் தம்பி அவர் பேரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டார். பெல்ட் எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்டால் உன் சித்தப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்லுவார். நான் திரும்பி அடுத்த மூட்டை வத்தலை மெஷினில் கொட்டினேன். அன்றைக்கு அரைத்த வத்தல் எல்லாம் வழக்கத்தைவிட நைசாக இருந்தது என்று அழகுத்தாய் சொன்னாள், ஆத்திரத்தில் அரைக்கிற தகட்டை இறுக்கி வைத்திருக்கிறேன்.

மில்லைப் பூட்டும்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தத் தம்பி மேல் தப்பில்லை. வாயைத் திறந்து கேட்டார், நான் தெரியாது என்கிற மாதிரி சொன்னேன், எழுதிக்கொண்டார். நம் பக்கத்தில் யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். பருத்தி வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடக்கும், வெள்ளாமை எப்படி என்று ரோட்டில் போகிறவன் கேட்டால் ‘என்னத்த, ஏதோ கெடக்கு’ என்போம். பிள்ளை கொழுகொழு என்று இருக்கும், ‘சரியாவே சாப்பிடுறதில்ல’ என்போம். கண்ணு பட்டுவிடும் என்ற பயம். கேட்கிறவனும் நம்ம ஊர்க்காரனாக இருந்தால் சரி, ‘ஏதோ கெடக்கு’ என்றால் நல்ல விளைச்சல் என்று அவனே புரிந்துகொண்டு போவான். வெளியூரிலிருந்து வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? கொஞ்சம் என்றால் அவன் கணக்கில் கொஞ்சம்தான். அப்படியே நின்று யோசித்ததில் உன் ஞாபகம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அப்போது நீ தோடா தோடா சொல்லியிருக்கவே இல்லை, ஆனால் நீ ஏழாவது படித்தபோது நடந்தது ஞாபகம் வந்தது. கோடை லீவு, மில் நிறைய ஆள், மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றது. நான் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனுக்கு ஆள் அனுப்ப இருந்தேன். நீ வந்து, மூன்றில் ஒரு லைன் வரவில்லை, இந்தப் பியூஸ்தான் போயிருக்கும் என்று விரலை நீட்டிக் காட்டினாய். அதுதான் போயிருந்தது. மோட்டார் ஓடியதும் நீ வரிசையில் நின்ற பொம்பளைகளைப் பார்த்து, ‘நான்தான் கண்டுபிடிச்சேன், எனக்கு மோட்டார் எல்லாம் தெரியும்’ என்று சத்தமாகச் சொன்னாய். நான் அத்தனை பேர் முன்னாலும் உன் தொடையில் கிள்ளி, ‘அவளுக்கு என்ன தெரியும், ஏதோ கொஞ்சம் கைய வைப்பா’ என்றேன். சாயங்காலம் உப்பும் வத்தலும் சுற்றிப் போட்டுவிட்டு, இனி யார் கேட்டாலும் ஏதோ கொஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். நீ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. புனே வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறாய். மற்றவர்களிடம் நான் தப்பு ஒத்துக்கொள்கிற வழக்கம் இல்லை, இதை மட்டும் எழுதி வைக்கிறேன், அது என் தப்பு. அந்தச் சத்தியத்தை நானே எடுத்துவிட்டேன். கண்ணு பட்டால் படட்டும், சுற்றிப் போடுவதற்கு மில்லில் வத்தலுக்கா பஞ்சம்?

மறுநாள் காலையில் ஏழே கால் பஸ்ஸில் ஏறி அந்த ஆபீசுக்குப் போனேன். வேணுகோபால் தம்பி, ‘வாங்கம்மா, மாரிராஜ் சார் அனுப்பினாரா’ என்றார். நான் நின்றுகொண்டே, ‘அவியளுக்கு மெஷின் தெரியாது, எனக்குத்தான் தெரியும். நேத்து நான் உங்ககிட்டச் சொன்னது பொய் சார்’ என்றேன். அவர் சிரித்துவிட்டு, ‘தெரியாததத் தெரியும்னு பொய் சொல்றவங்கள நிறையப் பாத்திருக்கேன், நீங்க வேற மாதிரி இருக்கீங்களேம்மா’ என்றார். ‘பயத்துல சொன்ன பொய் சார், இனிமே சொல்ல மாட்டேன்’ என்றேன். சரி வாருங்கள் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மெஷின் எல்லாம் புத்தம் புதுசு, கல் நீக்குகிற மெஷின் மட்டும் ஓடுகிறதே தவிர வேலை செய்யவில்லை, கம்போடு கல்லும் சேர்ந்தே வருகிறது, கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருவதற்காக நாலு நாளாகக் காத்திருக்கிறார்கள். ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். காற்று வருகிறது, ஆனால் வேகம் இல்லை. காற்றாடிக் கூட்டின் மேல் ஒரு அம்புக்குறி வலப்பக்கம் போட்டிருக்கிறது, உள்ளே காற்றாடி இடப்பக்கம் சுற்றுகிறது. நாலு நாளாக அத்தனை பேரும் அந்த அம்புக்குறிக்கு முன்னால்தான் நின்றிருக்கிறார்கள். மெயினை அணைக்கச் சொல்லி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று வயரில் இரண்டைக் கழற்றி மாற்றிப் போட்டேன். ஓட்டினால் கல் ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம். அப்புறம் அவர் கேட்காமல் நானே சொன்னேன், அரைக்கிறது, புடைக்கிறது, கல் நீக்குகிறது இந்த மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும், பெல்ட்டும் பேரிங்கும் மோட்டாரும் நானே பார்ப்பேன், அந்த எடை போட்டுப் பாக்கெட் ஒட்டுகிற கம்ப்யூட்டர் மெஷின் எனக்குத் தெரியாது, யாராவது நாலு நாள் கூட நின்று காட்டினால் கற்றுக்கொள்வேன். அதைக் கேட்டபின்தான் அவர் உன் சித்தப்பா பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதினார். எழுத்துக் கூட்டி நானே சரிபார்த்தேன்.

உன் சித்தப்பா பெரிய கோபத்தில் இருக்கிறார். ‘என் பேரக் கெடுத்துட்டீங்களே மைனி’ என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். ‘உங்க பேரு நான் போறதுக்கு முன்னாலயே அப்படித்தான் இருந்தது’ என்றேன். இப்போது எனக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று சோளத்தைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் அரைத்து வருகிறார், பஸ்ஸில் மூட்டைக்கும் டிக்கெட் கேட்கிறார்களாம், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இதில் இன்னொன்று நடந்தது, அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்த வாரம் மெஷினில் நிற்பதற்கு நம் ஊர்ப் பெண்கள் நாலு பேரை என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தி ஒருத்தியாகக் கூப்பிட்டு உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். வந்தவளில் பாதிப் பேர் தலையைக் குனிந்து ‘ஏதோ செய்வேன் மைனி’ என்றார்கள். ஏட்டி, ஏதோ என்றால் எது என்று எனக்கே ஆத்திரம் வந்தது. நான் என்னத்தை எழுத? எனக்கு அவர்களைப் பிறந்ததிலிருந்து தெரியும், அதனால் சமாளித்தேன். உன்னைக் கேட்ட மூன்று ஆபீசர்களுக்கு உன்னைத் தெரியாதே. அவர்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போய்விட்டது. மற்ற பாதி இருக்கிறது, எட்டு மாசம் படித்த பிள்ளையிடம் ஒரு ஸ்பானரைக் கொடுத்துப் பார்க்கக் கூடத் தோன்றவில்லையே என்று.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டு வாங்கு. இந்த இரண்டு வருஷத்தில் உன் லைனில் எது எது நின்றது, என்ன சத்தம் கேட்டது, நீ முதலில் எதைப் பார்த்தாய், எத்தனை நிமிஷத்தில் மறுபடி ஓடியது, எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து எழுது. நாக்பூர்க்காரன் கூப்பிட்டுப் போய்ச் செய்து கொடுத்தாயே, அதையும் எழுது, அவனைக் குறை சொல்லி எழுதாதே, என்ன செய்தாய் என்று மட்டும் எழுது. பெருமை பேசுவது வேறு, நடந்ததைச் சொல்வது வேறு. நான் கெட்டிக்காரி என்று சொன்னால் அது பெருமை. மூன்றாம் நம்பர் கன்வேயர் நின்றது, சென்சாரில் மாவு அடைத்திருந்தது, ஆறு நிமிஷத்தில் ஓட்டினேன் என்று சொன்னால் அது சாட்சி, அதற்கு எந்தக் கண்ணும் படாது. உன் ரூமில் இருக்கிற திண்டுக்கல் பிள்ளை விஜியை ஆபீசர் மாதிரி கட்டிலில் உட்கார வைத்து, எதிரே நின்று, இந்தியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லிப் பார், அவள் சிரித்தால் சிரிக்கட்டும், பத்தாவது தடவை சிரிக்க மாட்டாள். பேச்சில் தடுமாறினால் நின்று மறுபடி சொல், அதனால் ஒன்றும் குடி முழுகாது. தெரியாததைக் கேட்டால் தெரியாது, இதற்குக் கற்றுக்கொள்ள இத்தனை நாள் ஆகும் என்று சொல். மெஷினுக்கு மட்டும் நம் வேலை தெரிந்தால் போதாது, சம்பளம் கொடுக்கிற மனுஷனுக்கும் தெரிய வேண்டும், அதைச் சொல்வதும் ஒரு தொழில்தான், பி.எல்.சி. மாதிரி அதையும் படிக்கத்தான் வேண்டும். எனக்கு அது ஐம்பத்து மூன்று வயசில் வந்தது, உனக்கு இருபத்து நாலிலேயே வரட்டும். இந்தத் தடவையும் வேறு ஆளை எடுத்தால் எடுக்கட்டும், அடுத்த இடம் விழும், அதற்கும் பேர் கொடு. சொல்லிவிட்டுத் தோற்பது வேறு, சொல்லாமல் தோற்பது வேறு, இரண்டாவது நம் வீட்டுக்கு வேண்டாம்.

நீ ஊருக்கு வந்து மில்லைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கம்பெனிக்குப் போவதால் மில்லுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அழகுத்தாய் மருமகள் முத்துச்செல்வி வந்து கேட்டாள். உனக்கு மில் ஓட்டத் தெரியுமா என்றேன். ‘தெரியும் சித்தி, ரெண்டு வருஷமா வரிசையில நிக்கும்போதெல்லாம் நீங்க செய்யுறதத்தான பாத்துக்கிட்டு நிக்கேன், ஓட்டிக் காட்டட்டா’ என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஸ்டார்ட்டரில் கையை வைத்தாள். திங்கட்கிழமை அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். நன்றாக ஓட்டுகிறாள். அதனால் இங்கே உனக்கு வேலை காலி இல்லை. வருத்தப்பட்டால் பட்டுக்கொள், நான் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்க மாட்டேன். பொங்கலுக்கு வா, பத்து நாள் இரு, கருப்பட்டிப் பணியாரம் சுட்டுத் தருகிறேன், ஆட்டுக்குட்டிகளைப் பார், ஆனால் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் இப்போதே சேர்த்து எடுத்துக்கொண்டு வா.

பத்திரகாளியம்மன் உன் கூடவே நிற்பாள். உன் கை தொட்டது ஓடட்டும், உன் வாயும் அதற்குச் சரியாகப் பேசட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, விஜியையும் கேட்டதாகச் சொல். மறந்துவிடாதே, பன்னிரண்டாம் தேதி கடைசி. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாலைந்து தேதியாகியிருக்கும், கடைசி நாள் வரைக்கும் இழுக்காமல் படித்த அன்றைக்கே போய்ப் பேர் கொடு. கொடுத்த பிறகு போன் பண்ணு, ‘கொடுத்துட்டேன்’ என்று ஒரே சொல் சொல், அதற்கு முன்னால் பண்ணினால் நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. வெயிலம்மாள்,
மெஷின் பொறுப்பாளர்